டாக்டருக்கு அனுப்பும் காசு வேறு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் காசு வேறு

நீங்கள் கேட்டது இது: உங்கள் சபையில் வளர்ந்த ஒரு டாக்டர் ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், சபை மாதாமாதம் அவரைத் தாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பணம் மட்டும் அனுப்பினால் போதுமா, மருந்து மாத்திரை சேர்த்து அனுப்பலாமா, அந்தக் காலத்தில் இங்கே வந்த வெள்ளைக்கார டாக்டர்களை அவர்கள் ஊர்ச் சபைகள் எப்படித் தாங்கின?

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதல் இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு டாக்டரைத் தாங்குவதும் அவர் செய்யும் வேலையைத் தாங்குவதும் தனித்தனிச் செலவு. சபைகளுக்கு முதலாவது சுலபமாகப் பிடிபடும், ஆளின் முகம் தெரியும், மேடையில் நிறுத்தி ஜெபிக்கலாம். இரண்டாவதில் நர்ஸ் சம்பளம், டீசல், துணி துவைக்கிற சோப்பு, கூரை ஒழுகல் எல்லாம் வரும், இதற்கு யாரும் மேடை போட மாட்டார்கள். ஆனால் டாக்டர் திரும்பிய பிறகும் நின்ற ஆஸ்பத்திரிகளைப் பார்த்தால், இரண்டாவதற்கு ஏதோ ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள்.

வேலூர் சி.எம்.சி.யையே (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) எடுத்துக்கொள்வோம். ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் ஆற்காடு மிஷனில் வேலை செய்த ஜான் ஸ்கடரின் மகள். அவருடைய தாத்தாவும் ஜான் ஸ்கடர்தான், 1819இல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர், அமெரிக்கச் சபைகள் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷனரி டாக்டர் என்று அவரைச் சொல்வார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்து பிரசவத்துக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டதும், ஆண் டாக்டரை அனுமதிக்க மறுத்ததால் மூன்று பெண்களும் இறந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை, ஞாயிறு பள்ளியில் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். அதற்கு அடுத்து நடந்த பணக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை.

1899இல் கார்னெலில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு ஐடா கிளம்பத் தயாராகும்போது, வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டிக்கொண்டு போ என்று சொன்னார்கள். போகிற இடமெல்லாம் பேசியும் சில்லறைதான் சேர்ந்தது. கடைசியில் நியூயார்க்கில் ஹாரியட் டேபர் என்ற பெண்மணியைப் பார்க்கப் போனார், அந்த அம்மா மிஷனரிச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். இவர்கள் பேசிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து அந்த அம்மாவின் சகோதரியின் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். ராபர்ட் ஷெல் என்ற வங்கித் தலைவர், மனைவியை இழந்தவர். மறுநாள் கூப்பிட்டு 10,000 டாலர் கொடுத்தார். இறந்துபோன மனைவி பெயரில்தான் 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது, 40 படுக்கை.

ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு காசோலை, வாசலில் பெயர். பெரும்பாலான சபைகள் இன்றைக்கும் இப்படி ஒரு ஷெல் வருவார் என்றுதான் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பத்தாயிரம் வாங்கிக் கொடுத்தது கட்டடத்தை மட்டும். உள்ளே யார் ஊசி போடுவது, யார் இரவுக் காவல் இருப்பது? ஐடாவுக்கு முதல் உதவியாளாக இருந்தது சலோமி என்ற உள்ளூர்ப் பெண், எந்தச் சான்றிதழும் கிடையாது, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 1909இல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார்கள். அதே சமயத்தில்தான் ஒரு சின்ன பெஜோ கார் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருநாள் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்க்கிற வழக்கமும் தொடங்கியது. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண்களே தேறாத பரீட்சையில் பெண்கள் எங்கே தேறப் போகிறார்கள் என்று அரசாங்க மருத்துவத் தலைமை அதிகாரியே சந்தேகப்பட்டார். 1922இல் முதல் செட்டு 14 பேர் எழுதினார்கள், 14 பேரும் பாஸ்.

இதற்கெல்லாம் ஷெல்லின் காசு எந்த மூலைக்கு? இங்கேதான் அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள் வருகின்றன. ஆண்கள் நடத்திய மிஷன் போர்டுகள் பெண்கள் வேலைக்குப் பெரிதாக ஒதுக்காத காலம் அது, அதனால் பெண்களே தனியாகச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1869இல் பாஸ்டனில் மெத்தடிஸ்ட் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள், அவர்களின் கோஷமே "வாரத்துக்கு இரண்டு சென்ட், ஒரு ஜெபம்". கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த இரண்டு சென்ட்தான் ஒரு வருஷத்திலேயே கிளாரா ஸ்வெய்ன் என்ற டாக்டரை பரேலிக்கு அனுப்பியது, மேல்நாட்டுச் சபைகள் ஆசியாவுக்கு அனுப்பிய பட்டம் பெற்ற முதல் பெண் டாக்டர் அவர். நம் ஊர் அம்மாமார் சமைக்கிறபோது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியாகப் போட்டு வைத்துச் சபைக்குக் கொண்டுவருவார்களே, அதே கணக்கு. தொகை சின்னது, ஆனால் நின்று போகாது. பணக்காரர் ஒருவர் செத்தால் நின்றுவிடும் காசுக்கும் ஆயிரம் வீட்டு உண்டியலிலிருந்து வரும் காசுக்கும் உள்ள வித்தியாசம் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

1920களின் தொடக்கத்தில் லூசி பீபாடி என்ற பாப்டிஸ்ட் பெண்மணி (இவரும் இளம் வயதில் சென்னை மாகாணத்தில் மிஷனரியாக இருந்தவர்தான்) ஆசியாவில் இருந்த ஏழு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிகளுக்காக ஒரு பெரிய வசூல் நடத்தினார். வேலூரும் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்த ஏழில் இரண்டு. ராக்பெல்லர் குடும்பத்து நிதி ஒன்று, நீங்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் 10 லட்சம் போடுகிறோம் என்றது. பெண்கள் திரட்டிவிட்டார்கள். எந்த ஒரு சபைப் பிரிவும் தனியாக நின்று இதைச் செய்திருக்க முடியாது, பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட், பிரஸ்பிடீரியன் என்று எல்லாரும் ஒரே பையில் போட்டதால்தான் முடிந்தது. எனக்கு வேலூர்க் கதையில் ஷெல் ஆஸ்பத்திரியைவிட இந்த வசூல்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் 1930களின் கடைசியில் ஒரு இடி. இனிமேல் பழைய டிப்ளமா படிப்பு கிடையாது, எம்.பி.பி.எஸ். நடத்தினால் நடத்து, இல்லையென்றால் மூடு என்று சென்னை அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்குத் தகுந்த படுக்கைகள், ஆய்வகம், மேல்படிப்பு படித்த பேராசிரியர்கள் எல்லாம் வேண்டும். ஐடா எழுபது வயதைத் தாண்டிய நிலையில் 1941இல் அமெரிக்கா போய், போர் நடக்கிற காலம் முழுக்க ஊர் ஊராகச் சபை சபையாகப் பேசினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிடைத்தது. ஆனால் ஒரு சண்டையும் வந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் எல்லா மிஷன்களும் சேர்ந்து தாங்கும் என்ற நிலை. லூசி பீபாடி அதை ஏற்கவே இல்லை. பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த காசில் கட்டியதை ஆண்களுக்குத் திறப்பது என்ன நியாயம் என்று கேட்டார், ஐடா சம்மதித்ததும் அத்தனை வருஷத் தோழமை முறிந்தது. 1947இல் ஆண்கள் சேர்ந்தார்கள். பீபாடி சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, காணிக்கை போட்டவர் எதற்காகப் போட்டாரோ அதை மாற்றும்போது அவரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் 1942லேயே கல்லூரி மூடியிருக்கும் என்பதும் உண்மை.

இன்றைக்கு சி.எம்.சி.யின் அன்றாடச் செலவில் பெரும்பங்கு நோயாளிகள் கட்டும் பணத்திலிருந்துதான் வருகிறது, கட்ட முடிந்தவர் கட்டுவதில் முடியாதவருக்கும் நடக்கிறது. நிர்வாகம் இந்தியச் சபைகள் பலவற்றின் பிரதிநிதிகள் இருக்கும் கவுன்சிலிடம். சபைகள் சிபாரிசு செய்து அனுப்பும் மாணவர்கள் படித்து முடித்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் இரண்டு வருஷம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. இதைக் கவனியுங்கள், சபை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கக்கூடியதில் பணத்தைவிட அரிதானது ஆள்.

சரி, இதற்கு நேர் மாறான வழியில் போனவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரர், 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். அவரை அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு, பல சபைகளின் காணிக்கையைச் சேர்த்து நடத்திய மிஷன் சங்கம். இந்தப் பணத்துக்கு இரண்டு முகம் உண்டு. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோது போர்டு ஒரேயடியாகச் செலவை வெட்டியது, யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் கூட்டமாக மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். நியூயார்க்கில் நடந்ததற்கும் யாழ்ப்பாணத்து அளவெட்டிக் கிராமத்தில் அரிச்சுவடி படிக்கிற பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? காசு வருகிற குழாய் ஒன்றே ஒன்று என்றால் அதுதான் சம்பந்தம். 1855இல் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன கையோடு வட்டுக்கோட்டைச் செமினரியையே மூடினார்கள். ஆங்கிலப் படிப்பு படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் குறை. உள்ளூர்க்காரர்களுக்கு அது எத்தனை பெரிய அடி என்பது வேறு கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மிஷன் விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம். யாழ்ப்பாண இலக்கிய வரலாற்றில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று வரும் பெயர்களின் முன்பாதி இப்படி ஒட்டியதுதான். பிள்ளை படித்தது நல்லது, ஆனால் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்ததற்காகப் பெயரை மாற்றுவது எனக்கு ஒட்டவில்லை. இன்றைக்கு நாம் ஆம்புலன்சின் நான்கு பக்கமும் சபையின் பெயரை எழுதுவதும் அதே ஆசைதான், கொஞ்சம் சின்ன அளவில்.

கிறீன் செய்தது என்னவென்றால், இருந்த கொஞ்சக் காசை ஆளை உருவாக்குவதில் போட்டார். 1848லேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சொல்லித்தர ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் நல்ல சம்பளம் கிடைக்கிற இடத்துக்கு நகர்ந்துவிடுவதைப் பார்த்து, 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார், தமிழில் படித்தவர் தம் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்ப்பார் என்பது அவர் கணக்கு. அதற்குப் புத்தகம் வேண்டுமே? மாணவர்களோடு உட்கார்ந்து உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சை, வேதியியல் என்று ஆயிரக்கணக்கான பக்கம் தமிழில் கொண்டுவந்தார்கள். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்ற பெயர்களைப் பழைய நூலகங்களில் இன்றும் பார்க்கலாம். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் டாக்டர்களை உருவாக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார், 1884இல் காலமானார். மானிப்பாயில் கிறீன் நினைவு ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறது. அவரைத் தாங்கிய அமெரிக்கச் சபைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தமிழ்ப் புத்தகங்கள் நடக்கிற விஷயம் புரிந்திருக்கும்? கட்டடமாக இருந்தால் படம் வரைந்து காட்டலாம், அச்சுக் கோக்கிறவரின் கூலிக்கு என்ன காட்டுவது?

அடுத்து, யார் காசோ அவர் சொல்தான் என்பதன் எல்லை. வேத அறிஞராகவும் ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்து பிறகு டாக்டரான ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913இல் காபோன் நாட்டு லம்பரேனேக்குப் போக விரும்பியபோது பாரிஸ் மிஷன் சங்கம் தயங்கியது, அவருடைய வேத விளக்கம் அவர்களுக்கு ஆபத்தாகப் பட்டது. டாக்டராக மட்டும் வருகிறேன், பிரசங்கம் பண்ண மாட்டேன், உங்கள் பணமும் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். பணம் அவருடைய ஸ்ட்ராஸ்பர்க் சபையிலும் அல்சாஸ் பகுதிச் சபைகளிலும் நண்பர்களிடமும் ஆர்கன் கச்சேரிகளிலும் திரண்டது. போய்ச் சேர்ந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்த முதல் அறை ஒரு பழைய கோழிக்கூடு. முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் இருந்த ஜெர்மன் பிரஜை என்பதால் அவரையே காவலில் வைத்தார்கள், ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கடன் மட்டும் மிச்சம். கடன் அடைய வழி காட்டியது சுவீடன் பேராயர் சோடர்புளோம், அங்கே அழைத்துப் பேசவும் ஆர்கன் வாசிக்கவும் ஏற்பாடு செய்தார். 1924இல் ஷ்வைட்சர் திரும்பிப் போனார்.

நம் பக்கத்தில் கொல்லிமலை. ஜெஸி பிராண்டும் எவலின் பிராண்டும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் அனுப்பிய தம்பதி, கணவர் ஜெஸி முழு டாக்டர் கூட இல்லை, கொஞ்சம் வெப்பநாட்டு வைத்தியம் படித்தவர். அவர் 1929இல் காய்ச்சலில் இறந்துபோனார். எவலின் எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது, இனி அனுப்ப முடியாது என்றது மிஷன். அந்த அம்மா ஒரு வருஷம் மட்டும் என்று கேட்டு வாங்கி, அது முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டுத் தன் பாட்டுக்கு மலைக்குப் போய்விட்டார், மட்டக்குதிரையில் சுற்றி 1974இல் 95 வயதில் சாகும் வரை அந்தப் பக்கத்து மலைகளில்தான் வேலை செய்தார். மிஷனின் விதியில் தப்பில்லை, எழுபது வயது ஆளைத் தனியாக மலையில் விட எந்தக் கமிட்டியும் யோசிக்கும். ஆனாலும் தாங்குகிற சபை "இனி போதும்" என்று சொல்லும் நாள் வரும்போது அங்கிருக்கிற ஆளின் பேச்சையும் கேட்க ஒரு வழி இருக்க வேண்டும், அதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் விஷயம். முதலில் டாக்டரிடம் கேட்காமல் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள், இவர் வந்தால் உங்களுக்கு என்ன கூடுதல் செலவு, வராவிட்டால் அந்தப் பணத்தில் என்ன செய்வீர்கள் என்று. பதில் சங்கடமாக இருக்கலாம், ஒரு வெளிநாட்டு டாக்டரின் செலவில் உள்ளூர் நர்சுகள் சிலரை வைத்துக்கொள்வோம் என்று சொன்னாலும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் கோபப்படாமல் இரண்டையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். என் ஆலோசனை, டாக்டருக்கு என்று சேர்ப்பதில் பாதியளவாவது ஆஸ்பத்திரியின் பொதுச் செலவுக்கும் உள்ளூர் ஆள் பயிற்சிக்கும் தனியாகச் சேருங்கள், அதை மூன்று வருஷத்துக்காவது உறுதி கொடுங்கள். ஒரு வருஷம் பெரிதாக அனுப்பிவிட்டு அடுத்த வருஷம் கோபுரம் கட்டுகிறோம் என்று நிறுத்துவதைவிடக் கொடுக்காமலே இருப்பது நல்லது, ஏனென்றால் அதை நம்பி அவர்கள் ஆள் எடுத்திருப்பார்கள். முடிந்தால் பக்கத்துச் சபைகள் நான்கைந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒன்று தடுமாறினாலும் மற்றவை இழுக்கும்.

டாக்டரின் பங்கில் சம்பளத்தோடு முடிக்காதீர்கள். அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் பதிவுக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகள் படிப்பு, வருடத்துக்கொருமுறை ஊர் வந்து போகும் டிக்கெட், வயதான பெற்றோருக்கு இங்கே யாராவது போய்ப் பார்ப்பது. கடைசியில் சொன்னதற்குக் காசே வேண்டாம், சபையில் நான்கு பேர் முறை வைத்துப் போனால் போதும், ஆனால் திரும்பி வருகிற மிஷனரிகள் பலரைத் திரும்ப வைப்பது இந்தக் கவலைதான். லீவில் வரும்போது இருபது சபையில் பேச வைத்துச் சாகடிக்காமல் தூங்க விடுங்கள்.

மருந்து சேர்த்து அனுப்புவது வேண்டாம் என்பேன். வீட்டில் மிச்சமான மாத்திரைகளை அனுப்பவே கூடாது. அன்பளிப்பு மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டுதலில், போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது காலாவதித் தேதிக்கு மிச்சம் இருக்க வேண்டும், அங்குள்ளவர்கள் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும், ஒரு நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்ததாக இருக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பெரும்பாலும் அந்த நாட்டிலேயே மொத்தமாக வாங்குவது மலிவு, சுங்கத்தில் பெட்டி மாதக்கணக்கில் கிடக்கிற தலைவலியும் இல்லை. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின் யாராவது தர முன்வந்தால், அதைப் பழுது பார்க்க அங்கே ஆள் உண்டா, உதிரி பாகம் கிடைக்குமா, அந்த ஊர் மின்சாரம் தாங்குமா என்று மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அது வராந்தாவில் துணி காயப்போடத்தான் உதவும்.

பணம் அனுப்பும் வழி இந்தியாவிலிருந்து கொஞ்சம் சிக்கல். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு விலக்கு கிடையாது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம், வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை என்பது, தனிநபர்களுக்கு மட்டும், சபைக்கோ அறக்கட்டளைக்கோ இல்லை. அதனால் பலர் டாக்டரின் இந்திய வங்கிக் கணக்கில் சம்பளம் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பங்கைத் தனித்தனி உறுப்பினர்கள் மூலம் அனுப்புகிறார்கள், ஆனால் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை ஆடிட்டரிடம் கேட்காமல் ஒரு ரூபாய் கூட நகர்த்தாதீர்கள். வெளியே ரசீது எழுதிக்கொடுக்க முடியாத வழி எதுவாக இருந்தாலும், யார் சிபாரிசு செய்தாலும் வேண்டாம்.

கடிதமும் போட்டோவும். டாக்டர் மாதம் ஒரு ஜெபக் கடிதம் அனுப்பட்டும், ஆனால் நோயாளியின் முகத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடக் கேட்காதீர்கள், உங்கள் தாயாரின் ஆபரேஷன் படத்தை வேறொரு ஊர்ச் சபையின் திரையில் காட்டச் சம்மதிப்பீர்களா? அதற்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு கேளுங்கள், எத்தனை பிரசவம், எத்தனை நர்ஸ் பயிற்சியில், ஜெனரேட்டர் ஓடுகிறதா, எந்த மருந்து தீர்ந்துபோனது. அந்தத் தாளை மிஷனரி ஞாயிறன்று அப்படியே வாசியுங்கள், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. சபைக் கமிட்டியில் ஒரு நர்சோ, கணக்குத் தெரிந்த ஒருவரோ அந்தப் பக்கத்தைப் பொறுப்பாகப் பார்க்கட்டும், போதகர் தலையில் இதையும் கட்ட வேண்டாம்.